பொட்டாசியம் சேர்மங்கள்: சாம்பல் முதல் உப்புப் பொட்டலம் வரை, படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

பொட்டாசியம் உலோகத்தை நம்மில் பலர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டோம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும் சிறு துண்டு, அவ்வளவுதான். ஆனால் அதன் சேர்மங்களை மலேசியாவின் பினாங்கில் நாலு கடை ஏறி இறங்கினால் கையில் எடுத்துவிடலாம். லிட்டில் இந்தியா மளிகைக் கடையில் படிகாரம், பட்டர்வொர்த் பக்கம் உரக்கடையில் பொட்டாசியம் உரமான சிவப்புப் பொட்டாஷ், மீ கோரெங்கில் (வறுத்த நூடுல்ஸில்) போடும் மஞ்சள் மீயில் சாம்பல் நீர், மருந்தகத்தில் கருஊதா நிறப் பெர்மாங்கனேட்டுப் படிகம்.

எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகள் இவற்றைப் பெயர் பெயராக மனப்பாடம் செய்வதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அத்தனை சேர்மங்களிலும் இருக்கும் பொட்டாசியம் ஒன்றேதான். அதனோடு சேர்ந்திருக்கும் எதிர்மின் அயனிதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. உரமா, சோப்பா, மருந்தா, நஞ்சா என்பதை அந்தக் கூட்டாளிதான் தீர்மானிக்கிறது. குளோரைடோடு சேர்ந்தால் உரம், அதே பொட்டாசியம் சயனைடோடு சேர்ந்தால் ஆளைக் கொல்லும் விஷம். ஆகவே கூட்டாளியை வைத்தே ஒவ்வொன்றாகப் போவோம்.

படி 1: கூட்டாளியை அடையாளம் காணுங்கள்

பொட்டாசியத்தின் அணு எண் 19. வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான். அதைக் கொடுத்துவிட்டு +1 அயனியாக நின்றுவிடும். அந்த எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்து உலோகமாக்குவது லேசான வேலை இல்லை. 1807-ல் ஹம்ஃப்ரி டேவி உருகிய பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மின்சாரம் பாய்ச்சித்தான் முதல்முறையாக அதைப் பிரித்தெடுத்தார்.

வாய்பாடு எழுத ஒரே விதி: கூட்டாளியின் மின்சுமை எத்தனையோ அத்தனை பொட்டாசியம். குளோரைடு, நைட்ரேட்டு, ஹைட்ராக்சைடு, அயோடைடு, பெர்மாங்கனேட்டு ஆகியவற்றுக்கு ஒன்று. சல்பேட்டு, கார்பனேட்டு, டைகுரோமேட்டுக்கு இரண்டு. பாஸ்பேட்டுக்கு மூன்று. ஹெக்சாசயனோஃபெரேட்டு இரண்டு வகை. இரும்பு +2 நிலையில் இருந்தால் நான்கு, +3 நிலையில் இருந்தால் மூன்று. தேர்வில் பலர் தடுமாறுவது இந்தக் கடைசி இடத்தில்தான். இரும்பின் சுமையையும் ஆறு சயனைடுகளின் சுமையையும் கூட்டிப் பார்த்தால் விடை தானாக வரும்.

இன்னும் இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். பொட்டாசியம் அயனிக்கு நிறம் கிடையாது. பெர்மாங்கனேட்டின் ஊதா, டைகுரோமேட்டின் ஆரஞ்சு, குரோமேட்டின் மஞ்சள் எல்லாம் கூட்டாளியின் நிறம். அப்புறம், பொட்டாசியம் உப்புகள் ஏறக்குறைய எல்லாமே நீரில் கரையும். பொட்டாசியம் பைடார்டரேட்டு போன்ற சில மட்டும் சரியாகக் கரையாது. நாம் குழம்புக்குக் கரைக்கும் புளியிலும் டார்டாரிக் அமிலத்தோடு இந்த உப்பு இருக்கிறது.

பொட்டாசியம் இருக்கிறதா என்று பார்க்கச் சுடர்ச் சோதனை செய்யுங்கள். வெளிர் ஊதா தெரியும். கொஞ்சம் சோடியம் கலந்திருந்தாலும் அதன் மஞ்சள் இதை விழுங்கிவிடும். அப்போது நீலக் கோபால்ட் கண்ணாடி வழியாகப் பாருங்கள், மஞ்சள் வடிகட்டப்பட்டு ஊதா மட்டும் மிஞ்சும்.

படி 2: சாம்பலிலிருந்து தொடங்குங்கள்

பொட்டாசியம் சேர்மங்களிலேயே மனிதர்களுக்கு மிகப் பழக்கமானது கார்பனேட்டு. செடி கொடிகள் மண்ணிலிருந்து பொட்டாசியத்தை இழுத்து வைத்திருக்கின்றன. எரித்தால் சாம்பலில் பெரும்பாலும் கார்பனேட்டாகத் தங்கும். செம்பனை ஆலைகளில் பழம் உதிர்த்த பிறகு மிஞ்சும் வெற்றுக் குலையை எரித்தால் கிடைக்கும் சாம்பலில், உரக் கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பொட்டாஷ் இருக்கும். புகை காற்றைக் கெடுப்பதால் இப்போது பெரும்பாலும் எரிப்பதில்லை, குலையை அப்படியே மரத்தடியில் பரப்பிவிடுகிறார்கள். அதுவும் நல்லதுதான், பொட்டாசியம் மண்ணுக்கே திரும்பிப் போகிறது.

வீட்டில் செய்து பார்க்க: இரண்டு கைப்பிடி விறகுச் சாம்பலை அரை லிட்டர் வெந்நீரில் கலக்கி, ஓர் இரவு தெளியவிட்டு, மேல் நீரைத் துணியில் வடிகட்டுங்கள். விரலில் தொட்டால் வழவழப்பாக இருக்கும், உடனே கழுவிவிடுங்கள். மஞ்சள் தூள் கரைத்த நீரில் இரண்டு சொட்டு விட்டால் செக்கச் செவேல் என்று மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்ததும் வருகிற அதே சிவப்பு. காரத்தன்மை இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

கடையில் 'ஆயிர் அபு' (மலாயில் சாம்பல் நீர்) என்று புட்டியில் விற்பதும் இந்த வகைதான். பொட்டாசியம் கார்பனேட்டு, சோடியம் கார்பனேட்டு கரைசல். மஞ்சள் மீ மாவில் இதைச் சேர்ப்பதால்தான் மீ இழுத்தால் அறாமல் நிற்கிறது. கோதுமையிலுள்ள ஃபிளேவனாய்டுகள் என்ற இயற்கைப் பொருள்கள் காரத்தில் மஞ்சளாவதால் நிறமும் வருகிறது. செய்முறையில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்றினால் சவர்க்கார வாடை அடிக்கும். புட்டியைக் குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள், நேராகக் குடித்தால் தொண்டை வெந்துவிடும்.

அடுத்த கட்டம் ஹைட்ராக்சைடு. கார்பனேட்டுக் கரைசலில் நீற்றிய சுண்ணாம்பைக் கலந்தால் கால்சியம் கார்பனேட்டு வெள்ளையாக அடியில் தங்கும், மேலே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு நிற்கும். சோப்புக் காய்ச்சியவர்கள் ஒரு காலத்தில் இப்படித்தான் செய்தார்கள். இன்று தொழிற்சாலைகளில் பொட்டாசியம் குளோரைடுக் கரைசலை மின்னாற்பகுத்து எடுக்கிறார்கள்.

இந்த ஹைட்ராக்சைடு எண்ணெயோடு சேர்ந்தால் மென்சோப்பு. சோடியம் ஹைட்ராக்சைடு கட்டி சோப்பைத் தரும், பொட்டாசியமோ நீரில் சுலபமாகக் கரையும் களிம்பைத் தரும். தொட்டிச் செடியில் மாவுப்பூச்சி, அசுவினி விரட்ட இதற்கு இணையாக வீட்டில் வேறொன்றும் எனக்குத் தெரியாது. அளவைச் சொல்கிறேன்.

செம்பனை எண்ணெய் 200 கிராமை முழுவதும் சோப்பாக்கச் சுத்தமான ஹைட்ராக்சைடு சுமார் 40 கிராம் தேவை. கடையில் கிடைக்கும் செதில் ஏறக்குறைய 90 சதவீதத் தூய்மை என்பதால் 44 கிராம் ஆகும். கொஞ்சம் எண்ணெய் மிச்சமிருப்பது பாதுகாப்பு, ஆகவே 42 கிராம் எடுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். எவர்சில்வர் பாத்திரத்தில் 125 மில்லி நீரை ஊற்றி, அதில் செதிலைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். செதிலின் மேல் நீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரமும் ஆகாது, காரம் அதை அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும். கரைசலை வெதுவெதுப்பான எண்ணெயில் ஊற்றிக் கிளறி, இளஞ்சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் வெள்ளைக் கூழ் மெல்ல மெல்ல ஊடொளி தெரியும் களிம்பாகும். சிறிது எடுத்து வெந்நீரில் கரைத்துப் பாருங்கள். எண்ணெய்த் துளி மிதந்தால் இன்னும் வேக வேண்டும். லிட்டர் நீருக்கு 10 முதல் 20 கிராம் களிம்பு கரைத்து, முதலில் நாலைந்து இலைகளில் மட்டும் தெளித்து ஒரு நாள் பார்த்துவிட்டு, மாலை வெயில் தாழ்ந்த பிறகு செடி முழுக்கத் தெளியுங்கள். பூச்சியின் உடம்பில் பட்டால்தான் வேலை செய்யும் என்பதால் இலையின் அடிப்பக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

ஹைட்ராக்சைடு தோலில் பட்டால் வினிகரைத் தேடி ஓடாதீர்கள். ஓடும் குழாய் நீரில் கால் மணி நேரமாவது கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். மிச்சச் செதிலை இறுக மூடி வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது நீரை இழுத்து ஒழுகிவிடும், கார்பன் டையாக்சைடை இழுத்துத் திரும்பவும் கார்பனேட்டாகிவிடும்.

படி 3: உர மூட்டையின் எண்ணைப் படியுங்கள்

மூட்டையில் 12-12-17 என்று போட்டிருந்தால் மூன்றாவது எண் பொட்டாசியம் ஆக்சைடுக் கணக்கு. மூட்டைக்குள் அந்த ஆக்சைடு துளிகூடக் கிடையாது. பழைய கணக்கு முறை அப்படியே நிலைத்துவிட்டது. உண்மையான பொட்டாசியம் தெரிய 0.83-ஆல் பெருக்குங்கள். 50 கிலோ மூட்டையில் 17 சதவீதம் என்றால் 8.5 கிலோ, அதை 0.83-ஆல் பெருக்கினால் 7 கிலோ சொச்சம் பொட்டாசியம்.

எம்ஓபி என்பது பொட்டாசியம் குளோரைடு, எண் 60. சிவப்பாக இருப்பது இரும்பு ஆக்சைடு கலந்ததால், வெள்ளை அது நீக்கப்பட்டது. செடிக்கு இரண்டும் ஒன்றே. மலேசியாவில் பொட்டாஷ் சுரங்கம் கிடையாது. கனடா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது, அதன் பெரும்பகுதியைச் செம்பனை சாப்பிடுகிறது. எஸ்ஓபி என்பது சல்பேட்டு, எண் 50; கூடவே கந்தகமும் கிடைக்கும். விலை அதிகம். பாலிக் புலாவ் பக்கம் டுரியான் வைத்திருப்பவர்கள் காய் பருக்கும் காலத்தில் இதைத் தேடுவதற்குக் காரணம், குளோரைடு அதிகமானால் பழத்தின் தரம் கெடும் என்பது. பொட்டாசியம் நைட்ரேட்டு 13-0-46, இலைமேல் தெளிக்க உதவும்.

மாடிவீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை சல்பேட்டுதான். திறந்த நிலத்தில் மழை குளோரைடைக் கழுவிக் கொண்டுபோகும், தொட்டியில் அது வேரைச் சுற்றியே சேரும். கறிவேப்பிலையிலோ மிளகாயிலோ அடி இலைகளின் ஓரம் முதலில் கருகினால் பொட்டாசியக் குறைவாக இருக்கலாம். செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குக் கொடுக்கிறது. துளிர் இலை முதலில் கெட்டால் வேறு காரணத்தைத் தேடுங்கள்.

படி 4: படிகாரத்தைச் சோதித்து வாங்குங்கள்

படிகாரம் இரட்டை உப்பு. பொட்டாசியமும் அலுமினியமும் சல்பேட்டோடு சேர்ந்து, பன்னிரண்டு நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்திருக்கும். சவரம் செய்த முகத்தில் தேய்ப்பார்கள், கலங்கிய நீரைத் தெளியவைப்பார்கள். இந்த வேலையெல்லாம் அலுமினியத்தினுடையது. அதன் ஹைட்ராக்சைடு பஞ்சுபோல் திரண்டு அழுக்கை இழுத்துக்கொண்டு கீழே போகும்.

கடையில் படிகாரம் என்று கொடுப்பது அம்மோனியம் படிகாரமாகவும் இருக்கலாம், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு சிட்டிகைப் பொடியை வெற்றிலைச் சுண்ணாம்போடும் இரண்டு சொட்டு நீரோடும் ஒரு கிண்ணத்தில் குழைத்து, கையால் காற்றை மூக்குப் பக்கம் விசிறிப் பாருங்கள். அம்மோனியா நெடி சுள்ளென்று ஏறினால் அது அம்மோனியம் வகை. வாடையே இல்லையென்றால் பொட்டாசியம் என்று நம்பலாம், சுடர்ச் சோதனை உறுதி செய்யும். சுண்ணாம்பின் காரம் அம்மோனியத்திலிருந்து அம்மோனியாவை விடுவிக்கிறது. பொட்டாசியத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எஸ்பிஎம் பாடத்தில் வரும் அம்மோனியம் அயனிச் சோதனையும் இதே வேதியியல்தான்.

படி 5: ஆய்வுக்கூடத்தில்

பொட்டாசியம் உப்பு ஒன்றைத் தயாரித்துப் பார்ப்போம். அது கரையும் என்பதால் வீழ்படிவு முறை இங்கே உதவாது, அமிலமும் காரமும் சரியாக ஈடாகும் அளவைக் கண்டுபிடிக்கும் தரம்பார்த்தல்தான் வழி. 25 மில்லி, 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை எடுத்து, பினால்ப்தலின் நிறங்காட்டி சேர்த்து, இளஞ்சிவப்பு மறையும்வரை அதே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு அளவைக் குறியுங்கள். அதே அளவில், நிறங்காட்டி இல்லாமல், மறுபடி செய்து ஆவியாக்குங்கள். இங்கேதான் மாணவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள், ஆறவைத்தும் படிகம் வராது. ஏன் என்று கணக்குப் போடுவோம். கிடைக்கக்கூடிய பொட்டாசியம் குளோரைடு 0.025 மோல், அதாவது 1.86 கிராம். நம் அறை வெப்பமான 30 டிகிரியில் 100 மில்லி நீர் 37 கிராமைக் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆக 5 மில்லி நீர் மிச்சமிருந்தாலே மொத்த உப்பும் கரைசலிலேயே தங்கிவிடும். 50 மில்லியை 3 மில்லி சொச்சத்துக்கு வற்றவைத்தால்தான் சூட்டிலேயே நிறைவுறும். அப்படிச் செய்தும் ஆறும்போது மூன்றில் ஒரு பங்குதான் படிகமாகும்.

அமிலத்தை மட்டும் நைட்ரிக் என்று மாற்றிப் பாருங்கள். பொட்டாசியம் நைட்ரேட்டு 100 மில்லி நீரில், 30 டிகிரியில் 46 கிராம் அளவுக்குக் கரையும்; 100 டிகிரியில் 240 கிராமுக்கு மேல். அதனால் சூடான கரைசல் ஆற ஆற நீள நீளமான ஊசிப் படிகங்கள் கொத்தாக இறங்கும், ஐந்தில் நான்கு பங்கு வெளியே வந்துவிடும். கூட்டாளி மாறினால் கரைதிறன் கோடே மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை.

பொட்டாசியம் அயோடைடை ஈய நைட்ரேட்டில் விட்டால் பளிச்சென்ற மஞ்சள் வீழ்படிவு. சூடாக்கினால் கரையும், ஆறும்போது பொன் துகள்களாக மின்னும். ஈயம் நஞ்சு என்பதால் கழிவைக் கழுவு தொட்டியில் ஊற்றாதீர்கள். இரும்புச் சோதனைக்கு: +2 இரும்போடு ஹெக்சாசயனோஃபெரேட்டு (3) கருநீலம், +3 இரும்போடு ஹெக்சாசயனோஃபெரேட்டு (2) கருநீலம், +3 இரும்போடு தயோசயனேட்டு இரத்தச் சிவப்பு. எண்கள் எதிரெதிராக வருகின்றன, அப்படியே நினைவில் வைக்கலாம்.

அமிலம் சேர்த்த பெர்மாங்கனேட்டு ஊதாவிலிருந்து நிறமற்றதாகும், மாங்கனீசு +7-லிருந்து +2-க்கு இறங்குகிறது. டைகுரோமேட்டு ஆரஞ்சிலிருந்து பச்சையாகும், குரோமியம் +6-லிருந்து +3. டைகுரோமேட்டு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கழிவைத் தனிப் புட்டியில் சேர்த்து ஆய்வுக்கூட உதவியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 6: ஆக்சிஜன் தரும் கூட்டாளிகளைத் தனியாக வையுங்கள்

நைட்ரேட்டு, குளோரேட்டு, பெர்மாங்கனேட்டு மூன்றும் ஆக்சிஜனை உள்ளே பிடித்து வைத்திருப்பவை. பொட்டாசியம் நைட்ரேட்டைத்தான் வெடியுப்பு என்கிறோம். ஜார்ஜ்டவுன் கார்ன்வாலிஸ் கோட்டைக்குள் இன்றும் நிற்கும் வெடிமருந்துக் கிடங்கில் சேமித்த கருமருந்தின் பெரும்பங்கு இந்த உப்புதான். சோடியம் நைட்ரேட்டை விட்டு இதை ஏன் எடுத்தார்கள் என்றால், சோடியம் வகை காற்றின் ஈரத்தை இழுத்து நசநசத்துவிடும், பொட்டாசியம் வகை பொடியாகவே இருக்கும். குளோரேட்டு தீக்குச்சித் தலையில் இருக்கிறது. வீட்டில் அதைத் தனியாக வாங்கி வைக்க எந்தக் காரணமும் இல்லை.

பெர்மாங்கனேட்டு பல வீடுகளில் இருக்கும். கிளிசரின் பட்டால் தானாகவே தீப்பிடிக்கும் என்பதால் இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். நீர் வடியும் படைக்கு மருத்துவர் சொன்னால் பயன்படுத்தலாம். அளவு பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது லிட்டருக்கு 100 மில்லிகிராம். வெளிர் இளஞ்சிவப்பாகத் தெரியவேண்டும், கத்தரிப்பூ நிறம் வந்தால் தோலைப் புண்ணாக்கும். படிகம் முழுதாகக் கரைந்த பிறகே தொடுங்கள். விரலில் படியும் பழுப்புக் கறை மாங்கனீசு டையாக்சைடு, வைட்டமின் சி மாத்திரையை நனைத்துத் தேய்த்தால் போய்விடும்.

படி 7: சாப்பாட்டிலும் மருந்திலும்

அயோடின் உப்பில் சேர்ப்பது அயோடைடாகவோ அயோடேட்டாகவோ இருக்கும். வெப்பமும் ஈரமும் உள்ள ஊருக்கு அயோடேட்டுதான் ஏற்றது. அயோடைடு மெல்ல ஆக்சிஜனேற்றமாகி அயோடினாகப் பறந்துவிடும். ஜாம் புட்டிகளில் 202 என்ற எண் பொட்டாசியம் சார்பேட்டு, பூஞ்சை வராமல் காக்கும். 501 கார்பனேட்டு. இவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம்.

508 என்ற எண்ணிலும், மலாயில் 'காலியம் குளோரிடா' என்ற பெயரிலும் மட்டும் கண்ணை வையுங்கள். அது பொட்டாசியம் குளோரைடு. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கும் பொட்டலங்களில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக இதைச் சேர்த்திருப்பார்கள். இரத்தக் கொதிப்பு இருக்கிறவர்களுக்கு நல்லது என்று சொந்தக்காரர்கள் அன்பாக வாங்கிக் கொடுப்பது இதைத்தான். உலக சுகாதார நிறுவனமும் 2025-ல் பொதுவான பெரியவர்களுக்கு இதைப் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களையும் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை.

காரணம் இதுதான். இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் என்ற குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். மிச்சத்தை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அது முடியாதபோது அளவு ஏறி, இதயத் துடிப்பு தாறுமாறாகி, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றுபோகலாம். பெரிண்டோபிரில், லோசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற இரத்தக் கொதிப்பு, இதய மருந்து எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் உடம்பில் தங்கும். மாறாக ஃபுரோசமைடு என்ற சிறுநீர் பெருக்கும் மருந்து எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறுவதால், மருத்துவரே பொட்டாசியம் குளோரைடு மாத்திரை கொடுப்பார். ஒருவருக்கு மருந்தாக எழுதிக் கொடுப்பது இன்னொருவரின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அடுத்தவர் மாத்திரையை வாங்கிப் போடவே கூடாது.

வீட்டில் டயாலிசிஸ் செய்பவரோ நீரிழிவால் சிறுநீரகம் பலவீனப்பட்டவரோ இருந்தால், இன்றே அடுப்படியிலிருக்கும் உப்புப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். 508 என்றோ காலியம் குளோரிடா என்றோ இருந்தால் அவருடைய சமையலில் அதை நிறுத்திவிட்டு, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.